அட்சென்ஸ் விளம்பர வரம்பு விழுந்திருக்கு: கோட் கழட்டவா, விடவா?

வாவிக்கரை (மட்டக்களப்பு) கேட்டது:

கடந்தகால வினாத்தாள், வர்த்தமானி வேலைவாய்ப்பு, பரீட்சை அறிவித்தல் போடுற தமிழ்த் தளம். வேர்ட்பிரஸ், மலிவான ஷெயார்ட் ஹோஸ்டிங், வருமானம் அட்சென்ஸ் (தளத்தில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுளின் சேவை) மட்டும். சாதாரண தரப் பெறுபேறு வெளியான அன்று ஒரு பக்கத்தின் லிங்க் வட்ஸ்அப் குழுக்கள் முழுக்கச் சுத்தினது. அதுக்குப் பிறகு கணக்கில் அறிவித்தல்: காட்டக்கூடிய விளம்பரங்களின் எண்ணிக்கை மட்டுப்படுத்தப்பட்டிருக்கு, காரணம் செல்லுபடியாகாத வருகை (தானியங்கி வருகை, தவறுதலான கிளிக் மாதிரி) பற்றிய ஐயம்.

கேள்வி நாலு. இதுக்கு மேன்முறையீடு இருக்கா? விளம்பரக் கோட் (தளத்தில் ஒட்டின விளம்பர நிரல்) எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டு வரம்பு போன பிறகு போடுறதா, அப்படியே விடுறதா? விளம்பரம் வராத இடமெல்லாம் வெள்ளைப் பெட்டியாக் கிடக்கு, அதை என்ன செய்யிற? ஹோஸ்டிங் காசு டொலரில் கட்டணும், இடையில் உள்ளூர்க் கடை விளம்பரம் எடுத்தால் அட்சென்ஸோட முட்டுமா?

"தரமான பதிவு போடுங்க" எண்டு மட்டும் சொல்லாதீங்க. எந்த ரிப்போட்டில் எதைப் பாக்கிற, எதை மாத்துற எண்டு சொன்னால் பெரிய உதவி.


நெல்வயல் (சம்மாந்துறை) பதில்:

மேன்முறையீடு இல்லை. கணக்கையே முடக்கினால்தான் மேன்முறையீட்டுப் படிவம். பக்க அளவிலான கொள்கை மீறல் என்றால் "மீளாய்வு கோரு" பொத்தான். வரம்புக்கு இரண்டுமே கிடையாது. கூகுளின் கணினி தானாகப் பார்த்துத் தானாக எடுக்கும். பெரும்பாலும் 30 நாளுக்குள் போய்விடும், சிலருக்குக் கூடுதலாக இழுக்கும் என்று அவர்களுடைய உதவிப் பக்கமே சொல்கிறது. வரம்பு தளத்துக்கு இல்லை, கணக்குக்கு. அதே கணக்கில் இரண்டாவது தளம் இருந்தால் அங்கேயும் விளம்பரம் குறையும்.

வரம்பில் இரண்டு வகை உண்டு. "கணக்கு மதிப்பிடப்படுகிறது" என்று வந்தால் அது பெரும்பாலும் புதுக் கணக்கு, அல்லது வருகையின் போக்கு திடீரென்று மாறிய கணக்கு. செய்ய அதிகம் ஒன்றும் இல்லை, பொறுத்திருக்க வேண்டியதுதான். உங்களுக்கு வந்திருப்பது மற்றது, செல்லுபடியாகாத வருகை. அதில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது: எந்த வழியாக வந்த வருகை கெட்டது என்று கண்டுபிடித்து, அந்த வருகைக்கு விளம்பரமே காட்டாமல் விடுவது.

வரம்பு என்று நினைத்து வேறு கோளாறைத் தேடி அலைகிறவர்களும் உண்டு, ஆகவே பாலிசி சென்டரைத் (அட்சென்ஸ் கணக்கில் மீறல்களைக் காட்டும் பக்கம்) திறந்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். விபத்து, சடலப் படங்கள் உள்ள செய்திப் பக்கங்களுக்கு விளம்பரதாரர் வருவது குறையும். அது வெளியீட்டாளர் கட்டுப்பாடு, அந்தப் பக்கத்தோடு நிற்கும். ஆட்ஸ்.டிஎக்ஸ்டி (தளத்தில் விளம்பரம் விற்க அனுமதி உள்ளவர்களின் பட்டியல்) கோப்பில் பிழை என்றால் "வருமானம் ஆபத்தில்" என்ற எச்சரிக்கை தனியாக வரும். டொமைனின் வேரில் அந்தக் கோப்பு இருக்கிறதா, உங்கள் 16 இலக்க வெளியீட்டாளர் எண் சரியா என்று பார்த்தால் போதும். மூன்றாவது, முகவரியை உறுதிப்படுத்தும் பின் (PIN) இலக்கம். வருமானம் 10 டொலரைத் தொட்டதும் கடிதம் அனுப்புவார்கள், 4 மாதத்துக்குள் அந்த இலக்கத்தைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுபோகும். நம்ம பக்கம் கடிதம் பிந்துவதற்குப் பாதிக் காரணம் முகவரி. தபால் குறியீட்டை எழுதுங்கள்: மட்டக்களப்பு 30000, கல்முனை 32300, அம்பாறை 32000.

செய்யக்கூடாதது: வீட்டில் இன்னொருவர் பெயரில் புதுக் கணக்கு திறந்து அதே தளத்தில் போடுவது. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புபட்டவை என்று பிடிபட்டால், தற்காலிக வரம்பாக இருந்தது நிரந்தர முடக்கமாக மாறும். "விளம்பரத்தைத் தட்டி எங்களுக்கு ஆதரவு தாருங்கள்" என்று தளத்திலோ குழுவிலோ எங்காவது எழுதியிருந்தால் இன்றைக்கே அழியுங்கள். அப்படி எழுதுவதில் லாபமும் இல்லை. 2024 தொடக்கத்திலிருந்து அட்சென்ஸ் பிரதானமாக விளம்பரம் காட்டப்பட்டதற்குத்தான் பணம் தருகிறது, தட்டியதற்கு இல்லை.

இனி ரிப்போட். அட்சென்ஸில் விளம்பர அலகு (பக்கத்தில் ஒரு விளம்பர இடம்) வாரியாகப் பிரித்து, வரம்பு வருவதற்கு முந்திய இரண்டு கிழமையைப் பாருங்கள். மற்ற அலகுகளை விட ஒன்றின் கிளிக் வீதம் (காட்டியதில் எத்தனை வீதம் தட்டப்பட்டது) மட்டும் பல மடங்கு நின்றால் அந்த இடம்தான் பிழை. அடுத்து நாடு வாரியாக. பிறகு கூகுள் அனலிட்டிக்ஸ் 4 (தளத்தின் வருகையை அளக்கும் கருவி): கையகப்படுத்தல் பிரிவில் போக்குவரத்து ரிப்போட், அமர்வு மூலமும் ஊடகமும், இரண்டாவது நிரலாக நகரம். சராசரி ஈடுபாட்டு நேரம் ஓரிரு வினாடியில் நிற்கிற வரிகளை எடுத்து இங்கே சொல்லுங்கள். பக்க வாரியாகப் பார்க்க யூஆர்எல் சானல் இப்போதே திறந்து வையுங்கள். திறந்த நாளிலிருந்துதான் கணக்கு ஏறும், பழையது வராது.


மீன்மகள் (கல்முனை) பதில்:

வினாத்தாள் தளம் எண்டபடியால் ரிப்போட் பாக்க முதலே ஒண்டு சொல்லலாம். பிழை முக்கால்வாசியும் "பதிவிறக்கு" பொத்தானைச் சுத்தித்தான் இருக்கும்.

நடக்கிறது இதுதான். பக்கம் திறக்குது, பொத்தான் தெரியுது. பிள்ளை விரலை நீட்டுது. அந்த நேரம் மேல உள்ள விளம்பரம் பிந்தி வந்து ஏறி, பொத்தான் கீழ தள்ளுப்பட்டு, விரல் விளம்பரத்தில விழுது. சிக்னல் மெலிஞ்ச இடத்தில இது இன்னும் கூட, ஏனெண்டா விளம்பரம் ஒள்ளுப்பம் பிந்தித்தான் வரும். தட்டினவர் உடனே பின்னுக்கு வருவார். கூகுளின்ட கண்ணால இதைப் பாத்தால் ஒரே இடத்தில நூற்றுக்கணக்கில தவறுதலான கிளிக்.

திருத்தம்: பொத்தானுக்கு மேல உள்ள அலகைத் தூக்குங்க. கட்டாயம் வேணுமெண்டா பொத்தானுக்குக் கீழ, இடையில குறைஞ்சது ரெண்டு பந்தி எழுத்து விட்டு வைங்க (வினாத்தாளின் ஆண்டு, பகுதி, எத்தனை பக்கம், விடைத்திட்டம் இருக்கா எண்டு எழுதினால் அதுவே ரெண்டு பந்தி வரும், வாசிக்கிறவருக்கும் பயன்). விளம்பரம் சுத்தி உள்ள பெட்டிக்கு ஆகக்குறைந்த உயரம் குடுத்து வைங்க: 300க்கு 250 அலகெண்டா 250 பிக்சல், 336க்கு 280 எண்டா 280. இடம் முதலே ஒதுக்கியிருந்தால் பொத்தான் நகராது.

பத்து வினாடி எண்ணிப் பிறகு லிங்க் காட்டுற இடைப் பக்கம் வச்சிருக்கீங்களா? வினாத்தாள் தளங்கள் பாதிக்கு மேல அப்பிடித்தான் ஓடுது. அந்தப் பக்கத்தில வாசிக்க ஒண்டுமில்லை, விளம்பரம் மட்டும். உள்ளடக்கம் இல்லாத திரையில விளம்பரம் காட்டக்கூடாது எண்டது அட்சென்ஸ் கொள்கை. பக்கத்தையே எடுத்துப்போட்டு நேரே பிடிஎஃப் லிங்க் குடுங்க.

பெறுபேற்றுப் பக்கமும் அதே வகைதான். பெறுபேறு இருக்கிறது பரீட்சைத் திணைக்களத் தளத்தில. உங்கட பக்கத்துக்கு வாறவர் லிங்க் எங்க எண்டு தேடி, தட்டி, போயிருவார். எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் அந்தப் பக்கத்தால உருப்படியா ஒண்டும் வராது, கணக்குக்குக் கேடுதான். அதில விளம்பரமே வேண்டாம். ஓட்டோ விளம்பரம் போட்டிருந்தால், விளம்பர அமைப்பில "விலக்கிய பக்கங்கள்" எண்ட இடத்தில அந்த முகவரியைச் சேருங்க. அங்கேயே முழுத்திரை விளம்பரத்தையும் அடியில ஒட்டிக்கொண்டு நிக்கிறதையும் நிப்பாட்டுங்க. வரம்பு போன பிறகு ஒவ்வொண்டாத் திருப்பிப் போடலாம்.


வாவிக்கரை:

நன்றி ரெண்டு பேருக்கும். பொத்தானுக்கு மேல உள்ள அலகுதான், கிளிக் வீதம் மற்றதோட ஒப்பிடவே ஏலாது. தூக்கியாச்சு. இடைப் பக்கமும் இருந்தது, எடுத்தாச்சு.

அனலிட்டிக்ஸில் பெரிய வரி "நேரடி". அதில் பாதி இலங்கை, வட்ஸ்அப்பாக இருக்கணும். மிச்சம் சிங்கப்பூர், அமெரிக்காவில் கேள்விப்படாத ஊர்கள், ஈடுபாட்டு நேரம் பூச்சியம். இது ஆக்கள்தானா?


கல்லோயா (அம்பாறை) பதில்:

ஆக்கள் இல்லை. தரவு மையங்களில் ஓடுகிற பொட் (தானியங்கி நிரல்). சிங்கப்பூரில் சனம் இருந்து உயர்தரத் தமிழ் வினாத்தாள் இறக்குகிறது என்றால் ஈடுபாட்டு நேரம் பூச்சியமாக இருக்காது.

பொட்டிலும் இரண்டு சாதி. பக்கத்தின் எச்டிஎம்எல்லை மட்டும் அள்ளிக்கொண்டு போகிறவை ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது. அவை அனலிட்டிக்ஸிலும் வராது, விளம்பரத்தையும் எழுப்பாது, சேர்வருக்குச் சுமை மட்டும். உங்களுக்குத் தலையிடி மற்றது: முழு உலாவியை மறைவாக ஓட்டுகிற பொட். அது விளம்பரத்தையும் ஏற்றும், அனலிட்டிக்ஸிலும் விழும். கண்ணுக்குத் தெரிகிறபடியால் அதைப் பிடிக்கவும் முடியும்.

கிளவுட்ஃப்ளேரின் (தளத்துக்கு முன்னால் நின்று வருகையை வடிகட்டும் சேவை) இலவசத் திட்டம் போதும். டொமைனின் நேம்சேர்வரை அங்கே மாற்றி, டிஎன்எஸ் (டொமைனைச் சேர்வரோடு இணைக்கும் பதிவு) வரியில் செம்மஞ்சள் முகில் எரிகிறதா என்று பாருங்கள். சாம்பல் நிறத்தில் இருந்தால் ஒன்றும் அவர்கள் ஊடாகப் போகாது. பிறகு பாதுகாப்புப் பகுதியில் ஒரு தனி விதி. இலவசத் திட்டத்தில் 5 விதி எழுதலாம், உங்களுக்கு ஒன்று காணும். நிபந்தனை இரண்டு, "மற்றும்" போட்டு இணைக்க வேண்டும்: நாடு சிங்கப்பூர்; அறியப்பட்ட பொட் இல்லை. நடவடிக்கை "தடு" வேண்டாம், "மேனேஜ்ட் சலஞ்ச்" போடுங்கள். உண்மையான ஆள் என்றால் ஒரு கணம் நின்று உள்ளே வருவார், பொட் வாசலில் நிற்கும்.

இரண்டாவது நிபந்தனையை விட்டுவிட்டால் வருகிற கேடு பெரியது. கூகுள் தேடல் பொட், அட்சென்ஸின் மீடியாபார்ட்னர்ஸ் பொட், லிங்கைப் பகிரும்போது படமும் தலைப்பும் எடுக்க வருகிற பேஸ்புக் பொட் எல்லாமே தரவு மையத்திலிருந்துதான் வருகின்றன. அவற்றைத் தடுத்தால் வரம்பு போன பிறகும் விளம்பரம் வராது, காரணமும் பிடிபடாது. ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டியிலும் (பொட்களுக்கு அனுமதி, தடை எழுதும் கோப்பு) மீடியாபார்ட்னர்ஸ் பொட்டுக்குத் தடை எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

அமெரிக்காவுக்கு நாட்டு விதி போடாதீர்கள். எங்கட சனம் அங்கே இருக்கிறது, கூகுளும் அங்கேதான் இருக்கிறது. கிளவுட்ஃப்ளேரின் பாதுகாப்பு நிகழ்வுகளில் எந்த வலையமைப்பு எண்ணிலிருந்து (ஏஎஸ்என், இணைய நிறுவனத்தை அடையாளம் காட்டும் எண்) குவிகிறது என்று பார்த்து, அது ஒரு முகில்-சேவை நிறுவனத்தின் எண் என்றால் அந்த எண்ணை மட்டும் விதியில் சேருங்கள். வீட்டு இணைய, கைபேசி நிறுவனங்களின் எண்ணைத் தொடவே வேண்டாம். "பொட் ஃபைட் மோட்" என்ற ஆளியும் இலவசத்தில் உண்டு, ஆனால் அது பிழையாக யாரையாவது பிடித்தால் இலவசத் திட்டத்தில் விதிவிலக்கு எழுத வழியில்லை. முழுதாக நிறுத்துவது ஒன்றுதான். தனி விதி போட்டுப் பார்த்து, போதாவிட்டால் மட்டும் அதைத் தொடுங்கள்.

"நேரடி" வரியைப் பற்றி. வட்ஸ்அப்பிலிருந்து தட்டி வருகிறவர் எங்கிருந்து வந்தார் என்ற தகவலைப் பெரும்பாலும் உலாவி கொண்டுவராது. அதனால் உங்கள் வாசகரும் பொட்டும் ஒரே சாக்கில் விழுகிறார்கள், பிரிக்கவே முடியாது. இனிக் குழுவில் போடுகிற ஒவ்வொரு லிங்கின் கடைசியிலும் யூடிஎம் ஒட்டு (வருகை எங்கிருந்து என்று அனலிட்டிக்ஸுக்குச் சொல்லும் குறி), அதாவது யூடிஎம் சோர்ஸ் வட்ஸ்அப் என்று ஒட்டிப் போடுங்கள். கூகுளின் கெம்பெய்ன் யூஆர்எல் பில்டர் பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால் அதுவே எழுதித் தரும். அப்போது "நேரடி"யில் மிஞ்சுகிறது பெரும்பாலும் சந்தேகத்துக்குரியது.

அந்த ஒட்டு இன்னொரு வேலைக்கும் உதவும். வேர்ட்பிரஸில் ஆட் இன்சேர்ட்டர் என்ற பிளகின் போட்டால், குறித்த யூஆர்எல் ஒட்டு உள்ள வருகைக்கு விளம்பரத்தைக் காட்டாதே என்று சொல்லலாம், இலவசப் பதிப்பிலேயே. வரம்பு இருக்கிற காலத்துக்கு வட்ஸ்அப் வருகைக்கு விளம்பரத்தை நிறுத்தி, தேடலில் வருகிறவர்களுக்கு மட்டும் காட்டுங்கள். கேஷ் பிளகின் (ஒருமுறை செய்த பக்கத்தைச் சேமித்து எல்லோருக்கும் கொடுப்பது) வைத்திருந்தால் கவனம்: சேர்வர் பக்கச் சோதனை முதலாமவருக்கு எடுத்த முடிவையே எல்லோருக்கும் கொடுக்கும். சோதனையை உலாவிப் பக்கத்துக்கு மாற்றிவிட்டு, கேஷை ஒருதரம் துடையுங்கள். அதே பிளகினில், உள்நுழைந்த பயனருக்கு விளம்பரம் காட்டாதே என்பதையும் போடுங்கள். பதிவு திருத்தும்போது நீங்களே நாளைக்கு எத்தனை தரம் பக்கத்தைப் புதுப்பிக்கிறீர்கள் என்று எண்ணினால் விளங்கும்.


தோணாக்கரை (பொத்துவில்) பதில்:

இவ்வளவு பாடு எதுக்கு? எல்லா விளம்பரக் கோட்டும் கழட்டு. ஒரு மாசம் கிடக்கட்டும். மறுகா போடு. வரம்பு போயிருக்கும்.


நெல்வயல் (சம்மாந்துறை) பதில்:

தோணாக்கரை சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: விளம்பரமே இல்லாவிட்டால் பிழைக் கிளிக்கும் இல்லை. ஆனால் வருகை சரியாகிவிட்டதா என்று கூகுள் எதை வைத்துப் பார்க்கும்? பார்க்க விளம்பரமே இல்லையே. கழட்டி வைத்துவிட்டு வருகையைத் திருத்தாமல் திருப்பிப் போட்டால் அதே பொட், அதே பொத்தான், அதே வரம்பு. என்னுடைய அபிப்பிராயம், நல்ல வருகை உள்ள பக்கங்களில் ஓரிரண்டு அலகை விட்டு மிச்சத்தைக் கழட்டுவது. வினாத்தாளின் விளக்கப் பக்கம், வர்த்தமானி விண்ணப்ப வழிகாட்டி மாதிரி, கூகுள் தேடலில் வந்து இரண்டு நிமிடம் நின்று வாசிக்கிற பக்கங்கள். முழுதாகக் கழட்ட வேண்டிய ஒரு சந்தர்ப்பம் உண்டு: யாரோ வேண்டுமென்று உட்கார்ந்து தட்டுகிறார் என்றால், அது ஓயும்வரை கழட்டுங்கள். செல்லுபடியாகாத கிளிக் பற்றி அறிவிக்கக் கூகுளில் படிவம் இருக்கிறது. திகதி, நேரம், சேர்வர் பதிவில் கண்ட ஐபி முகவரி எல்லாம் எழுதி அனுப்பலாம். பதில் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கடைசியாக, கொடுப்பனவுப் பகுதியில் பரிவர்த்தனைகளைத் திறந்து பாருங்கள். மதிப்பிட்ட வருமானத்துக்கும் இறுதி வருமானத்துக்கும் இடையில் "செல்லுபடியாகாத வருகை" என்று ஒரு கழிவு வரி வரும். மாதத்துக்கு மாதம் அது குறைந்து வந்தால் திருத்தம் வேலை செய்கிறது. வரம்பு எடுபடுவதற்கு முன்னாலேயே பார்க்கக் கிடைக்கிற அளவுகோல் அநேகமாக அது ஒன்றுதான்.


கடைத்தெரு (காத்தான்குடி) பதில்:

நாலாவது கேள்விக்கு யாரும் கை வைக்கல்ல, அதனால நான் எழுதுறன்.

உள்ளூர் விளம்பரம் அட்சென்ஸோட முட்டாது. அதே பக்கத்திலயும் போடலாம். கூகுள் விளம்பரம் மாதிரி உருவத்தில இருக்கக்கூடாது, மேல "விளம்பரம்" எண்டு எழுதியிருக்கணும், பக்கத்தில எழுத்தை விட விளம்பரம் கூடக்கூடாது. கடையின்ட இணையத்தளத்துக்கு லிங்க் குடுத்தால் அதில "ஸ்பொன்சர்ட்" எண்ட ரெல் குறி (லிங்கின்ட கோட்டில எழுதுற பண்பு) போடுங்க. காசுக்குப் போட்ட லிங்கைக் குறி இல்லாம விட்டால் தேடலில தளம் அடிவாங்கும், விளம்பர வரம்பை விட அது மோசம்.

ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு எண்டு விலை சொல்லாதீங்க. கடைக்காரருக்கு அது விளங்காது, உங்களுக்கும் நட்டம். ஒரு இடம், ஒரு மாசம், ஒரு விலை. ஹோஸ்டிங், டொமைன் செலவை மாசத்துக்குப் பிரிச்சு, ரெண்டு விளம்பரத்தில அது அடைபடுற மாதிரி விலை வைங்க. உதாரணமா மாசச் செலவு 5,000 ரூபா எண்டா ஒரு இடம் 2,500. நாலு இடத்துக்கு மேல திறக்காதீங்க. எட்டுப் பெட்டி போட்டால் ஒருத்தரும் ஒண்டையும் பாக்க மாட்டாங்க, அடுத்த மாசம் கடைக்காரர் புதுப்பிக்கவும் மாட்டார்.

யாரிட்ட போகணும்? உங்கட வாசகர் பரீட்சைப் பிள்ளைகளும் வேலை தேடுறவங்களும். அப்ப முதல் டியூட்டரி, கணினி வகுப்பு, ஆங்கில வகுப்பு. மறுகா புத்தகக் கடை, போட்டோக்கொப்பிக் கடை, விண்ணப்பம் நிரப்பிக் குடுக்கிற கொமியூனிகேசன். பெருநாள், பொங்கல், சித்திரைக்கு முந்தின கிழமைகளில காத்தான்குடி, கல்முனைப் புடவைக் கடைகள். பாசிக்குடா, அறுகம்பே ஹோட்டல்களுக்குச் சித்திரையில இருந்து புரட்டாதி வரைக்கும்தான் சீசன், ஆனா அவங்களுக்கு வேண்டிய வாசகர் உங்கட தளத்தில இல்லை. அவங்களிட்ட போய் நேரத்தை வீணாக்காதீங்க.

படம் 600க்கு 500 பிக்சலில வாங்குங்க, தளத்தில 300க்கு 250ஆக் காட்டுங்க, போனில தெளிவா இருக்கும். வெப்பி (WebP) பட வடிவத்தில மாத்தினால் 60 கேபிக்குள்ள அடக்கலாம். கடைக்காரர் அனுப்புறது அநேகமா வட்ஸ்அப்பில பத்துக் கை மாறின நோட்டீஸ் படம்தான். எழுத்து வாசிக்க ஏலாது. நீங்களே புதுசாச் செஞ்சு குடுங்க: கடைப் பேர், ஒரு வரி, ஊர். தொலைபேசி இலக்கத்தைப் படத்துக்குள்ள எழுத வேண்டாம், படத்தைத் தட்டினால் வட்ஸ்அப் திறக்கிற மாதிரிப் போடுங்க. வட்ஸ்அப்பின்ட குறுமுகவரியில இலக்கத்தை முன்னுக்குள்ள பூச்சியம் இல்லாம, கூட்டல் குறியும் இல்லாம, 94ல தொடங்கி எழுதணும். பூச்சியத்தையும் சேர்த்து எழுதினால் லிங்க் திறக்கும், இலக்கம் பிழை எண்டு நிக்கும். அந்த லிங்கிலேயே முன்கூட்டி எழுதின செய்தியும் சேர்க்கலாம்: "உங்கள் வகுப்பு விபரம் தளத்தில் பார்த்தேன்". அப்ப எத்தனை பேர் உங்கட தளத்தால வந்தாங்க எண்டு கடைக்காரர் தன்ட போனிலேயே எண்ணுவார். மாசம் முடியப் புதுப்பிக்கச் சொல்லி நீங்க கெஞ்சத் தேவையில்லை.

காசு முன்கூட்டி. வங்கிக்குப் போடட்டும், இல்லாட்டி லங்காகியூஆர் (கியூஆர் குறியை ஸ்கேன் பண்ணிக் கட்டுறது). ரசீது ஒண்டு குடுங்க, அதில இடம், தொடக்கத் திகதி, முடியிற திகதி. தளம் விழுந்து கிடந்தால் அத்தனை நாள் கூட்டித் தருவீங்க எண்டு ஒரு வரி.

எடுக்கக்கூடாத விளம்பரம்: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இலக்கம் காட்டாத ஏஜென்சி. வேலை தேடுற பிள்ளைகள் வாற தளம், நம்பி ஏமாந்தால் உங்கட பேர்தான் கெடும். பந்தயம், சூது ஆப்களும் வேண்டாம். காசு கூடத் தருவாங்க, ஆனா அது அட்சென்ஸ் கட்டுப்பாட்டுப் பட்டியலிலயும் இருக்கு.

வரம்பு விழுந்த உடனே பாப்-அண்டர் (பக்கத்துக்குப் பின்னால தனிச் சாளரம் திறக்கிறது), புஷ் அறிவிப்பு விளம்பர வலைகளில போய்ச் சேருறவங்களும் இருக்காங்க. வாசகரைத் தெரியாத பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும், அதே பக்கத்தில அட்சென்ஸ் இருந்தால் அது இன்னொரு மீறல். ஒரு மாச வருமானத்துக்காக அந்தப் பக்கம் போகாதீங்க.


ஊர்நினைவு (திருக்கோவில்) பதில்:

ஒரு சின்ன விசயம், வரம்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். நாட்டு ரிப்போட்டில் சுவிஸ், பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து வருமானம் மட்டும் தனியாக விழுந்திருந்தால் காரணம் வேறு. ஐரோப்பிய பொருளாதாரப் பகுதிக்கும் பிரித்தானியாவுக்கும் 2024 ஜனவரி 16 முதல், சுவிஸுக்கு அதே ஆண்டு ஜூலை முடிவிலிருந்து, கூகுள் சான்று பெற்ற சம்மதப் பெட்டி (வாசகரின் தரவைப் பாவிக்கச் சம்மதம் கேட்பது) கட்டாயம். புலம்பெயர் வாசகர் உள்ள தளத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. அட்சென்ஸில் "தனியுரிமையும் செய்தியும்" என்ற இடத்தில் ஐரோப்பிய விதிமுறைச் செய்தியைத் தெரிந்து, தளத்தைத் தேர்ந்து, தனியுரிமைக் கொள்கைப் பக்க முகவரியைக் கொடுத்து வெளியிட்டால் முடிந்தது. வேறு பிளகின் தேவையில்லை, செலவும் இல்லை.


வாவிக்கரை:

சுவிஸ் வருமானம் ஏன் வருடக்கணக்கா விழுந்து கிடக்கு எண்டது இப்பதான் விளங்குது.

வெள்ளைப் பெட்டி மட்டும் மிச்சம். அந்த இடத்திலேயே கடைத்தெரு காக்கா (அண்ணன்) சொன்ன உள்ளூர் விளம்பரத்தைக் காட்ட ஏலுமா? கூகுள் விளம்பரம் வந்தால் அது, வராட்டி இது?


மீன்மகள் (கல்முனை) பதில்:

ஏலும், அனுமதியும் இருக்கு. விளம்பரக் கோட்டில உள்ள "இன்ஸ்" குறிக்கு, விளம்பரம் தேடி முடிஞ்ச பிறகு கூகுள் ஒரு பண்பு ஒட்டும்: டேட்டா-ஆட்-ஸ்டேட்டஸ். விளம்பரம் கிடைச்சால் அதன் பெறுமதி "ஃபில்ட்", கிடைக்காட்டி "அன்ஃபில்ட்". கடைப் படத்தை அதன் லிங்கோட இன்ஸ் குறிக்குள்ள வைங்க. சிஎஸ்எஸ்ஸில (பக்கத்தின்ட தோற்றத்தைச் சொல்ற கோட்) ரெண்டு வரி: இன்ஸுக்குள்ள உள்ள லிங்க் வழமையா மறைஞ்சிருக்கணும், பண்பு அன்ஃபில்ட் எண்டு இருக்கேக்க மட்டும் தெரியணும். கடைப் படம் இல்லாத இடங்களுக்கு, அன்ஃபில்ட் எண்டால் இன்ஸையே மறை எண்டு ஒரு வரி. வெள்ளைப் பெட்டி போயிரும்.

ரெண்டு இடத்தில பிழைக்கும். முதலாவது, நான் முன்னுக்குச் சொன்ன ஆகக்குறைந்த உயரத்தை வெளிப்பெட்டிக்குக் குடுத்திருந்தால், இன்ஸை மறைச்சாலும் வெளிப்பெட்டி 250 பிக்சல் வெறுமையா நிக்கும். அதனால மறைக்கிற இடங்கள் பக்கத்தின் அடிப்பகுதியில மட்டும் இருக்கட்டும், அதுக்கு உயரம் ஒதுக்க வேண்டாம். மேல் பகுதியில உள்ளதுக்கு உயரம் குடுத்து, கடைப் படத்தை நிரப்பியா வைங்க. ரெண்டாவது, விளம்பரத் தடுப்பான் போட்டிருக்கிறவருக்குக் கூகுளின் ஸ்கிரிப்டே ஓடாது, பண்பும் ஒட்டாது, கடைப் படமும் தெரியாது. காசு வாங்கின கடைக்கு இந்த நிரப்பி இடத்தை மட்டும் குடுக்காதீங்க, வரம்பு போனதும் அது காணாமப் போயிரும். அவங்களுக்கு நிலையான இடம் ஒண்டு, நிரப்பி மேலதிகம்.

சோதிக்கேக்க உங்கட போனில விளம்பரத்தைத் தட்டிப் பாக்க வேண்டாம். அலகின் கோட்டில டேட்டா-ஆட்டெஸ்ட் எண்டதை "ஆன்" ஆக்கிப் பாருங்க, அது கணக்கில ஏறாது. சோதிச்சு முடிஞ்சதும் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்க, இல்லாட்டி வரம்பு போன பிறகும் வருமானம் பூச்சியத்தில நிக்கும்.